பதிலுக்குக் கொக்கி இல்லை

ஜூன் 3, திங்கள்

வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்காக அச்சடித்த கம்பெனி டைரிகளில் பத்துப் பன்னிரண்டு மிஞ்சிக் கிடந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டேன். பாதி வருடம் போய்விட்டது. மீதிப் பாதிக்கு எழுத என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனாலும் வெள்ளைத் தாளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட மனம் வரவில்லை.

முதலாளி சண்முகவடிவேல் திருப்பூரிலிருந்து வந்திருந்தார். கோயம்புத்தூர் கணபதியில் இந்த மாடி அறையில் ஒரு காலத்தில் ஏழு பேர் இருந்தோம். சிலர் வேறு கம்பெனிக்குப் போனார்கள், சிலர் வீட்டிலிருந்தே வேலை என்று போனார்கள். இப்போது ஏழு நாற்காலிகளும் நானும். சிறு வியாபாரிகளுக்கு இணையதளம் அமைத்து வருடா வருடம் புதுப்பித்துக் கொடுப்பது எங்கள் தொழில். அறுநூற்று நாற்பது வாடிக்கையாளர்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக ஒரு பில்லிங் மென்பொருள் வாங்கியிருக்கிறார்.

"பொன்ராஜ் சார், புது ஆளு வந்தா வரவேற்கறது, தேதி வந்தா ஞாபகப்படுத்தறது, அல்லாத்தையும் அதுக்கே சொல்லிக் குடுத்துருங்க. ஜூலை கடைசிக்குள்ள முடிச்சிட்டா நீங்க நிம்மதியா உக்காந்துக்கலாமுங்க."

"நிம்மதியா உக்காந்து என்ன சார் செய்ய?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

ஜூன் 5, புதன்

இந்த மென்பொருளில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு கொக்கி மாட்டலாம். புதிய ஆள் சேர்ந்தால் ஒரு கொக்கி, பில் போட்டால் ஒன்று, கெடு தாண்டினால் ஒன்று, கணக்கை மூடினால் ஒன்று. நிகழ்வு நடந்த மறுகணம் கொக்கியில் மாட்டி வைத்த வேலை தானாக நடக்கும். இது நடந்தால் அது. எனக்குப் பிடித்த ஒழுங்கு. மனிதர்களிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

முதல் கொக்கி: புதியவருக்கு வரவேற்புச் செய்தி. சோதித்துப் பார்க்க ஒரு போலி வாடிக்கையாளர் வேண்டும். பெயர் கேட்டது. கைபேசி எண் கேட்டது. என் எண்ணைப் போட்டால், அது நிர்வாகியின் எண், வாடிக்கையாளருக்குச் செல்லாது என்று அடம்பிடித்தது. வாய்க்கு வந்த பத்து இலக்கம் அடித்தால் அப்படி எண்ணே இல்லை என்றது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு எண் ஒன்றுதான். அதைப் போட்டேன். எண்ணைப் போட்ட பிறகு பெயரை மாற்றுவானேன் என்று பெயரும் ஜெஸிந்தா என்றே போட்டேன்.

மேலே வலது மூலையில் 'சோதனை நிலை' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் எதுவும் வெளியே போகாது. போனது போலப் பட்டியலில் மட்டும் காட்டும். போட்டுவிட்டேன்.

"அன்புள்ள ஜெஸிந்தா, வருக. உங்களைச் சேர்த்துக்கொள்வதில் மகிழ்ச்சி." அனுப்பப்பட்டது என்று பச்சையில் வந்தது. கொக்கி வேலை செய்கிறது.

ஜூன் 8, சனி

மின்தடை. இரவுக்குத் தயிர்சாதம். இன்று யாரோடும் பேசவில்லை.

ஜூன் 10, திங்கள்

முதலாளி போனில் வந்தார். வாசகங்களைப் படித்துப் பார்த்தாராம்.

"ரொம்ப வெறப்பா இருக்குதுங்க சார். பேங்க்காரன் பேசற மாதிரி. நம்மாளுங்க எல்லாம் மில்லு, ஹாஸ்டல், மசாலாக் கம்பெனி. மனுசன் மனுசன்கிட்ட பேசற மாதிரி போடுங்க. நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டா கொறைஞ்சா போயிருவோம்?"

எனக்கு அந்த மாதிரி எழுத வராது. அலுவலகம் பெருக்க வரும் ரங்கம்மாவிடம், ஒருத்தரிடம் அன்பாகப் பேசுவதென்றால் எப்படி ஆரம்பிப்பாய் என்று கேட்டேன். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாப்ட்டீங்களான்னு கேப்பனுங்க. இதென்னங்க சார், இதெல்லாமா ஒருத்தரு சொல்லித் தரணும்?"

ஜூன் 14, வெள்ளி

ஞாபகப்படுத்தும் கொக்கி மூன்று தடவை தகராறு செய்தது. எந்த வாசகம் போகிறது, பழையதா புதியதா என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு தடவையும் வேறு ஏதாவது அடித்து அனுப்பிப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். சிலர் 'அஆஇஈ' என்று அடிப்பார்கள். கூட வேலை பார்த்த ஒருவர் தன் நாயின் பெயரை அடிப்பார். நான் "ஜெஸிந்தா, சாப்பிட்டாயா?" என்று அடித்தேன். ரங்கம்மா சொன்னது மனதில் இருந்திருக்கும். மற்றபடி ஒன்றும் இல்லை.

அனுப்பப்பட்டது.

ஜூன் 19, புதன்

பிறந்தநாள் கொக்கி. வாடிக்கையாளரின் பிறந்த தேதி அன்று காலை பத்து மணிக்கு வாழ்த்து தானாகப் போகும். போலி வாடிக்கையாளருக்கும் ஒரு தேதி வேண்டும். ஜூலை 11 என்று போட்டேன். யோசித்துப் போடவில்லை, கை தானாகப் போட்டது.

ஜெஸிந்தா என்பது என் மகளின் பெயர். டைரியில் இதை எழுதாமல் விட்டால் பின்னால் படிக்கிற எனக்கே பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், அதனால் எழுதுகிறேன். தூத்துக்குடியில் இருக்கிறாள். அவளுடைய அம்மா இறந்து ஆறு வருடம். நாங்கள் பேசி இரண்டு வருடம் ஆகிறது. அந்த எண்ணை மாற்றியிருப்பாள் என்று நினைக்கிறேன். அழைத்துப் பார்த்ததில்லை.

ஜூன் 24, திங்கள்

நிகழ்வுகளின் பட்டியலில் கடைசியாக ஒன்று இருந்தது: 'வாடிக்கையாளர் பதில் அனுப்பினால்.' அதற்கு என்ன மாட்டுவது என்று முதலாளியிடம் கேட்டேன்.

"கம்பெனி மெசேஜுக்கு யாருங்க சார் பதில் போடுவாங்க? நீங்க போட்டிருக்கீங்களா? சும்மா விடுங்க."

நான் போட்டதில்லை. சும்மா விட்டேன். கொக்கி இல்லாத பதில்கள் 'உள்வருபவை' என்ற பெட்டிக்குப் போய்க் கிடக்குமாம். ஒரு வேலை மிச்சம்.

ஜூலை 2, செவ்வாய்

ரங்கம்மா பேரன் காதுகுத்துக்கு ஒரு வாரம் லீவு. நானே பெருக்கினேன். ஏழு நாற்காலிகளுக்கு அடியிலும் பெருக்க வேண்டியிருக்கிறது, ஒன்றில்தான் ஆள் உட்கார்கிறான்.

ஜூலை 11, வியாழன்

காலை ஒன்பதே முக்காலுக்கே திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். கொக்கி சரியாகப் பிடிக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான். பத்து மணிக்குப் பட்டியலில் வந்தது: "அன்புள்ள ஜெஸிந்தா, இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். என்றும் நலமாக இருங்கள்." அனுப்பப்பட்டது.

இருபத்தெட்டு முடிகிறது.

மதியம் கீழே பேக்கரியில் ஒரு தேங்காய் பன் வாங்கிச் சாப்பிட்டேன். இனிப்பு சாப்பிடக் கூடாது. சாப்பிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

துணி துவைத்தேன். போர்வையையும் நனைத்துவிட்டேன், வானம் மூடிக் கிடக்கிறது, காயாது. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வாடிக்கையாளர் ஒருவர் புதிய கடை திறக்கிறார், காலை பத்து மணிக்கு வரச் சொல்லி இரண்டு தடவை அழைத்திருந்தார். சட்டையெல்லாம் தேய்த்து வைத்தேன். போனால் நாலு பேரிடம் பேச வேண்டும். குடும்பம் எங்கே என்பார்கள். போகவில்லை.

ஜூலை 22, திங்கள்

நெடுநாள் தொடர்பில் இல்லாத வாடிக்கையாளருக்கான கொக்கி. "உங்களைக் காணவில்லையே" என்று தொடங்குகிற வாசகம், முதலாளியின் யோசனை. சோதனைக்கு "ஜெஸிந்தா, உன்னைக் காணோமே" என்று அடித்து அனுப்பினேன். இப்போதெல்லாம் சோதனை வாசகம் வேண்டாத இடத்திலும் சோதனை செய்கிறேன் என்பது எனக்கே தெரிகிறது. எதுவும் வெளியே போகாது என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

எழுத வந்ததை எழுதிவிடுகிறேன். கூட வேலை பார்க்கும் முகிலன் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று ஜெஸிந்தா சொன்னபோது நான் கத்தவில்லை. நான் கோபக்காரன் இல்லை, சொன்ன சொல்படி நடப்பவன். "நம்ம ஆட்கள் இல்ல அவங்க. நீ அவனைக் கட்டினா, எனக்கு மக இல்ல" என்று ஒரு தடவைதான் சொன்னேன். அவள் கட்டினாள். இது நடந்தால் அது என்று சொல்லியாகிவிட்டது, பிறகு அதைச் செய்யாமல் இருந்தால் என் சொல்லுக்கு என்ன மரியாதை? கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றைக்கும் அலுவலகத்துக்கு வந்தேன். ஒரு மசாலாக் கம்பெனியின் இணையதளத்தை முடித்துக் கொடுத்தேன்.

அந்தத் தளத்தை இன்றைக்கும் பார்க்கப் பிடிக்காது.

ஜூலை 26, வெள்ளி

கடைசிக் கொக்கி: கணக்கு மூடல். மூடிய கணக்கை மறுபடி திறக்க இந்த மென்பொருளில் வழி கிடையாது, புதிதாகத்தான் தொடங்க வேண்டும். அதனால் போலி வாடிக்கையாளரைக் கடைசியில் மூடலாம் என்று வைத்திருந்தேன். "அன்புள்ள ஜெஸிந்தா, உங்கள் கணக்கு மூடப்பட்டது. இனி எங்களிடமிருந்து செய்தி எதுவும் வராது. இத்தனை நாள் உடன் இருந்ததற்கு நன்றி."

பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு அமுக்கினேன். அனுப்பப்பட்டது.

வேலை முடிந்தது. கெடுவுக்கு ஐந்து நாள் முன்னதாகவே.

ஆகஸ்ட் 1, வியாழன்

முதலாளி வந்து சோதனை நிலை சுவிட்சை அவர் கையாலேயே அணைத்தார். ரங்கம்மாவுக்கும் எனக்கும் லட்டு. பத்து மணிக்கு அறுநூற்று நாற்பது பேருக்கும் முதல் செய்தி போனது: "வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? இனி நாங்கள் எப்போதும் உங்கள் தொடர்பில் இருப்போம்."

நாள் முழுவதும் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. ரங்கம்மா இரண்டு தடவை வந்து, "என்னங்க சார், கம்முனு உக்காந்திருக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன்.

பதினொரு மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. பொள்ளாச்சியில் பெண்கள் ஹாஸ்டல் நடத்தும் கண்ணாத்தாள் அம்மா. எட்டு வருட வாடிக்கையாளர். எடுத்தவுடன் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்களான்னு நீங்கதான கேட்டு அனுப்பிச்சீங்க?"

"ஆமாம்மா."

"நல்லா இல்லீங்க, எங்க வீட்டுக்காரரு தவறிப் பதினாறு நாள் ஆச்சுன்னு பதில் போட்டேன். நாலு நாளாச்சு. என்ன ஏதுன்னு ஒருத்தரும் கேக்கல. கேக்க மனசில்லாதவங்க எதுக்குங்க கேக்கறீங்க?"

மன்னிச்சுக்கோங்கம்மா என்று மூன்று தடவை சொன்னேன். அவர் அழுதார். கொஞ்ச நேரம் அவருடைய வீட்டுக்காரரைப் பற்றிப் பேசினார், கேட்டுக்கொண்டிருந்தேன். வைக்கும்போது குரல் தணிந்திருந்தது.

பிறகு 'உள்வருபவை' பெட்டியை முதல் தடவையாகத் திறந்தேன். நாற்பத்தாறு பதில்கள். "நலமுங்க, நீங்க?" என்று ஒரு அரிசி மில்காரர். "கடவுள் புண்ணியத்துல சௌக்கியம், ஆபீஸ் பக்கம் வாறேன்" என்று ஒருவர். நலமா என்று கேட்டிருக்கிறோம், இவர்கள் நம்பி பதில் சொல்லியிருக்கிறார்கள். யார் முதலில் அனுப்பினாரோ அவரிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்று பழையதை மேலே வரும்படி மாற்றினேன்.

முதல் பதிலின் தேதி ஆகஸ்ட் இல்லை. ஜூன் 5.

"அப்பா?"

நான் வெகுநேரம் அந்த ஒரு வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மற்றவை. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 14: "சாப்ட்டேன். நீங்க?"

ஜூன் 15: "கம்பெனி பேர்ல வருது. இது நீங்களா மெஷினாப்பா? எதா இருந்தாலும் பதில் சொல்லுங்க."

ஜூலை 11: "ரெண்டு வருஷம் கழிச்சு வாழ்த்து வந்திருக்கு. மெஷின்னாலும் தேதி நீங்கதான போட்டிருப்பீங்க. வாற ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர் வாறோம், முகிலன் அக்கா வீட்டு விசேஷம். காலைல பத்து மணிக்கு சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல இருப்பேன். வாங்கப்பா. நீங்க பாக்க வேண்டிய ஆள் ஒண்ணு இருக்கு."

ஜூலை 14: "பதினொன்றரை வரைக்கும் நின்னோம். பாப்பா வெக்கையில அழுதுட்டே இருக்கா. கெளம்புறோம்."

ஜூலை 22, நான் உன்னைக் காணோமே என்று அனுப்பியதற்கு: "நான் வந்தேன்லப்பா."

ஜூலை 26, கணக்கை மூடியதற்கு: "சரிப்பா."

அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

சோதனை நிலை சுவிட்ச் மின்னஞ்சலுக்கு மட்டும்தானாம். குறுஞ்செய்திக்கு அமைப்புப் பக்கத்தின் அடியில் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கிறது. இருபத்தைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு பக்கத்தை அடிவரைக்கும் படிக்கவில்லை. தேய்த்து வைத்த சட்டையோடு பத்து மணிக்கு நான் அந்த பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்திருக்க வேண்டியவன். வீட்டில் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள். அவள் பாட்டன் வராத பஸ் ஸ்டாண்டில் ஒன்றரை மணி நேரம் அழுதிருக்கிறாள்.

புதிய கணக்குத் தொடங்கி மன்னிப்பு ஒன்று எழுதி அனுப்பலாமா என்றுதான் முதலில் நினைத்தேன், வெட்கக்கேடு. 'அன்புள்ள ஜெஸிந்தா' என்று அடிக்கவும் செய்தேன். அழித்தேன். போனை எடுத்து, மேசையில் வைத்து, எடுத்து. அலுவலகம் முடியும் நேரம் வரை இப்படியே போயிற்று. அழைக்கவில்லை. சரிப்பா என்று சொன்னவளிடம் எந்த முகத்தோடு பேசுவது?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையில் முதலாளியின் போன். கண்ணாத்தாள் அம்மா அவருக்கும் பேசியிருக்கிறார்.

"சார், அந்தப் பதிலுக்கும் ஒரு கொக்கியப் போட்டுருங்க. 'தங்கள் பதில் கிடைத்தது, நன்றி'ன்னு தானாப் போற மாதிரி."

"வேண்டாம் சார். நாப்பத்தாறு பதில் வந்து கெடக்கு. பதில் வந்தா நான் பாக்கேன். ஒவ்வொண்ணையும் நானே பாத்து, நானே பேசுதேன்."

"நாப்பத்தாறு பேருக்கும்ங்களா?"

"முப்பத்தொம்பது பேருக்கு. மீதி ஏழு எனக்கு வந்தது சார்."

அவருக்குப் புரியவில்லை. நாளையிலிருந்து மூன்று நாள் லீவு வேண்டும் என்றேன். பதினோரு வருடத்தில் நான் லீவு கேட்டதில்லை. திகைத்துப்போய், "எடுத்துக்கங்க சார்" என்றார்.

லீவு வாங்கிவிட்டேன், இனி பேசாமல் இருக்க முடியாது என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டுதான் அழைத்தேன். மனப்பாடமான எண்ணை அடிக்கும்போது இரண்டு தடவை தப்பாயிற்று. ஐந்தாவது மணியில் எடுத்தாள். பின்னால் ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

"ஜெஸி" என்றேன்.

"மெஷினா?"

"இல்லம்மா. நான்தான்."

"சிங்காநல்லூர்ல ஒன்றரை மணி நேரம் நின்னேன்ப்பா. வாற பஸ்ஸு, ஆட்டோ எல்லாத்தையும் பாத்துட்டே நின்னேன்."

"எனக்குத் தெரியாதும்மா. உன் பதிலெல்லாம் ஒரு பெட்டிக்குள்ள கெடந்திருக்கு. நான் அதத் தொறக்கவே இல்ல."

"நீங்க எதத்தாம்ப்பா தொறந்தீங்க?"

நியாயமான கேள்வி. தப்பு என்மேல்தான் என்றேன். அன்றைக்கு அப்படிச் சொன்னதும் தப்பு, சொன்னதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தது அதைவிடத் தப்பு என்றேன். இதைச் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அறுநூற்று நாற்பது பேருக்கு வாசகம் எழுதியவனுக்கு அதற்குமேல் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"சாப்ட்டியாம்மா?" என்றேன்.

"சாப்ட்டேன். நீங்க?"

"இன்னும் இல்ல."

"மணி ரெண்டாகப் போகுதுப்பா" என்று அதட்டினாள். அதட்டும்போது அவள் அம்மாவின் குரல். பின்னால் குழந்தை ஏதோ ஒரு மொழியில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது.

"முகிலன் நல்லா இருக்காரா?" என்று கேட்டேன். அந்தப் பெயரை நான் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. இருக்காங்க என்றாள்.

"பாப்பாவுக்கு என்ன பேர் வச்சிருக்க?"

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள் என்று சத்தத்திலிருந்து தெரிந்தது.

"வந்து கேட்டுக்கோங்க" என்றாள்.

ஆகஸ்ட் 7, புதன்

காலை ஆறே முக்கால். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்ட். தூத்துக்குடி பஸ் ஏழு மணிக்கு என்கிறார்கள். ஆறு மணிக்கே வந்துவிட்டேன், அவள் நின்ற அளவு இல்லை என்றாலும் கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டும் என்று.